பைபிள் பழைய மதங்களிலிருந்து எடுத்துக்கொண்டதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நேராகவே கேட்கிறேன். பைபிள் காப்பியா, இல்லையா?

எடுத்துக்கொண்டிருக்கிறது, அதில் சந்தேகம் இல்லை. மெசபடோமியா, எகிப்து, கானான், அசீரியா என்று சுற்றியிருந்த எல்லாரிடமிருந்தும் இஸ்ரவேலர் கதைகளையும் சட்டங்களையும் பாட்டு வரிகளையும் எடுத்திருக்கிறார்கள். சில இடங்களில் இரண்டு நூல்களையும் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி காட்டலாம்.

ஆனால் 'காப்பி' என்று சொன்னதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு விஷயமே அங்கேதான் தொடங்குகிறது. எடுத்ததில் எதை மாற்றினார்கள் என்று பாருங்கள். அந்த மக்கள் எதை நம்பினார்கள் என்பது அந்த மாற்றங்களில்தான் பளிச்சென்று தெரியும். அப்புறம், உண்மையான ஒற்றுமைகள் ஒரு பக்கம் இருக்க, வாட்ஸாப்பில் சுற்றும் பட்டியல்களில் இருப்பவை பல சுத்தப் பொய். இரண்டையும் பிரித்துக் காட்டத்தான் இந்தக் கேள்வி பதில்.

நோவாவின் வெள்ளக் கதை பாபிலோனியக் கதை என்கிறார்களே?

ஆமாம். இதுதான் எல்லாவற்றிலும் வலுவான சான்று, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1872 டிசம்பர் 3ஆம் தேதி லண்டனில் ஒரு கூட்டம். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்மித் ஒரு கட்டுரை வாசித்தார். பிரதமர் கிளாட்ஸ்டனும் வந்து உட்கார்ந்திருந்தார். ஸ்மித் கல்லூரி படித்தவர் அல்ல. பணநோட்டு அச்சுக்குச் செதுக்கும் தொழிலில் இருந்தவர், ஆப்பு வடிவ எழுத்தைத் தானாகவே கற்றுக்கொண்டவர். நினிவேயில் அசீரிய மன்னன் அசுர்பனிபாலின் நூலகத்தில் கிடைத்த களிமண் பலகை ஒன்றில் வெள்ளக் கதை இருப்பதை அவர்தான் கண்டுபிடித்தார். கில்காமேஷ் என்ற பாபிலோனியக் காவியத்தின் பதினொன்றாம் பலகை அது.

அதில் உத்னபிஷ்டிம் என்பவனிடம் ஏயா என்ற தெய்வம் நாணல் சுவர் வழியாக ரகசியம் சொல்கிறது: வீட்டை இடி, படகு கட்டு, எல்லா உயிர்களின் விதையையும் ஏற்று. அவன் கட்டி, கீல் (தார்) பூசி, குடும்பத்தையும் விலங்குகளையும் ஏற்றுகிறான். ஆறு பகலும் ஏழு இரவும் புயல். படகு ஒரு மலையில் தட்டி நிற்கிறது. ஒரு புறாவை விடுகிறான், திரும்பி வருகிறது. தகைவிலான் குருவியை விடுகிறான், அதுவும் திரும்புகிறது. காகத்தை விடுகிறான், அது வரவே இல்லை. வெளியே வந்து பலியிடுகிறான். தெய்வங்கள் நல்ல வாசனையை முகர்ந்து பலியைச் சுற்றி ஈக்களைப் போல மொய்க்கின்றன.

இப்போது பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தின் எட்டாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். முதலில் காகம், பிறகு புறா. கடைசியில் பலிபீடம், கர்த்தர் சுகந்த வாசனையை முகர்வது. வெள்ளம் என்றால் எல்லா ஊரிலும் கதை இருக்கத்தான் செய்யும் என்று சொல்லி இதைத் தள்ளிவிட முடியாது. பறவையை விட்டுப் பார்ப்பதும், பலி வாசனையைக் கடவுள் முகர்வதும், அதே வரிசையில் தற்செயலாக வந்து அமையாது.

யார் முந்தி, யார் பிந்தி என்று எப்படித் தெரியும்? அவர்கள் ஆதியாகமத்தைப் பார்த்து எழுதியிருக்கக் கூடாதா?

வாய்ப்பில்லை. நினிவே பலகை கி.மு. ஏழாம் நூற்றாண்டு என்றாலும் கதை மிகப் பழையது. அத்ராஹசிஸ் என்ற பாபிலோனியக் காவியத்தில் இதே வெள்ளம் வருகிறது. அதன் பிரதிகள் கி.மு. பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. எந்தக் கணக்கை வைத்துக்கொண்டாலும், மோசேக்கே முந்தியவை. சுமேரிய மொழியிலும் ஜியுசுத்ரா என்பவனை வைத்து ஒரு வடிவம் உண்டு. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் இர்விங் ஃபிங்கல் 2014இல் வெளியிட்ட இன்னொரு பழைய பாபிலோனியப் பலகையில் பேழை வட்டமான பரிசலாக இருக்கிறது, விலங்குகள் இரண்டிரண்டாக ஏறுகின்றன.

பாபிலோன் கதை கானான் வரைக்கும் எப்படி வந்தது என்ற கேள்விக்கும் ஒரு சின்ன விடை உண்டு. இஸ்ரேலில் உள்ள மெகிதோவில் கில்காமேஷ் காவியத்தின் ஒரு துண்டே கிடைத்திருக்கிறது. அது கி.மு. பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வெள்ளப் பகுதி அல்ல, கில்காமேஷின் நண்பன் எங்கிடு சாகும் பகுதி. ஆனாலும் இஸ்ரவேல் என்ற நாடு உருவாவதற்கு முன்பே அந்த மண்ணில் எழுத்தர்கள் இந்தக் காவியத்தைப் படித்துக்கொண்டிருந்தார்கள் என்பது உறுதி.

அப்படியானால் ஆதியாகமம் புதிதாக என்ன சொன்னது?

வெள்ளம் ஏன் வந்தது என்று கேளுங்கள். அத்ராஹசிஸில் மனிதர்கள் பெருகிப் போடும் இரைச்சலில் என்லில் என்ற தெய்வத்துக்குத் தூக்கம் வரவில்லை. அதுதான் காரணம். முதலில் கொள்ளைநோய், பிறகு பஞ்சம், கடைசியில் வெள்ளம். ஆதியாகமத்தில் காரணம் பூமியில் நிறைந்த கொடுமை. கடவுள் மனம் நொந்து போகிறார்.

முடிவு இன்னும் முக்கியம். அத்ராஹசிஸில் வெள்ளத்துக்குப் பிறகு தெய்வங்கள் ஜனத்தொகையைக் குறைக்க ஏற்பாடு செய்கின்றன: சில பெண்கள் மலடாக இருக்க வேண்டும், பச்சைக் குழந்தைகளைப் பறிக்க ஒரு பேய் இருக்க வேண்டும். நோவாவிடம் சொல்லப்படுவதோ, பலுகிப் பெருகி பூமியை நிரப்புங்கள் என்று. அந்தக் காலத்தில் குழந்தையைப் பறிகொடுத்த ஒரு தாய் இரண்டு கதைகளையும் கேட்டிருந்தால், எதில் அவளுக்கு ஆறுதல் இருந்திருக்கும்? இதை எழுதியவர் பழைய கதையை நன்றாக அறிந்திருந்தார், அதன் முடிவோடு அவருக்கு உடன்பாடு இல்லை. நான் அப்படித்தான் வாசிக்கிறேன்.

மச்சாவதாரத்தில் மனுவும் படகில் தப்பிக்கிறாரே? நோவா, மனு இருவரும் ஒருவரா?

மனுவை ஒரு மீன் எச்சரித்துக் காப்பாற்றும் கதை சதபத பிராமணம் என்ற பழைய வேத நூலிலேயே இருக்கிறது. ஆனால் நோவாவுக்கும் உத்னபிஷ்டிமுக்கும் இடையில் உள்ள நுணுக்கமான பொருத்தம் இதில் இல்லை. பறவைகள் இல்லை, கீல் பூசிய பெட்டி இல்லை. படகை மீனின் கொம்பில் கட்டி இழுப்பது இந்தியக் கதைக்கே உரியது. மேலோட்டமான ஒற்றுமையை வைத்து இரண்டையும் ஒன்றாக்குவது சரியில்லை.

படைப்புக் கதை?

பாபிலோனியரின் எனூமா எலிஷ் ஏழு பலகைகளில் எழுதப்பட்டது. மர்தூக் என்ற தெய்வம் கடலாகிய தியாமத்தைக் கொன்று, கருவாட்டுக்கு மீனைப் பிளப்பதுபோல இரண்டாகப் பிளக்கிறான். மீன் என்ற உவமை அந்தப் பாட்டிலேயே இருப்பது. ஒரு பாதியைக் கூரையாக மாட்டி வானம் ஆக்குகிறான். பிறகு கிங்கு என்ற கலகக்கார தெய்வத்தின் ரத்தத்தில் மனிதன் உண்டாகிறான், தெய்வங்களின் வேலைச்சுமையைத் தூக்குவதற்காக.

ஆதியாகமம் ஒன்றிலும் ஆழமான தண்ணீர் முதலில் இருக்கிறது, தண்ணீர் இரண்டாகப் பிரிகிறது, நடுவில் வானம் வருகிறது. ஆனால் சண்டை இல்லை. சொன்னார், ஆயிற்று. சூரியனும் சந்திரனும் பெயர்கூடச் சொல்லப்படாமல் பெரிய சுடர், சிறிய சுடர் என்று வந்து போகின்றன. அக்கம்பக்கத்தில் அவை இரண்டும் கும்பிடப்பட்ட தெய்வங்கள். மனிதன் சுமைதூக்கியாக அல்ல, கடவுளின் சாயலாகப் படைக்கப்படுகிறான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வெள்ளக் கதையைப் போல இது நேரடியாக எடுத்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. கடலோடு தெய்வம் போரிடும் கதை சிரியா கரையோரத்திலும் இருந்தது. அது மேற்கிலிருந்து பாபிலோனுக்குப் போனது என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. எல்லாரும் ஒரே பொதுச் சொத்திலிருந்து எடுத்திருக்கலாம்.

மோசேயின் சட்டம் ஹம்முராபியிடமிருந்து வந்ததா?

பாபிலோனிய மன்னன் ஹம்முராபியின் சட்டங்கள் செதுக்கிய கல்தூண் 1901–02இல் ஈரானில் உள்ள சூசாவில் கிடைத்தது. இப்போது பாரிஸ் லூவரில் நிற்கிறது. 282 சட்டங்கள், ஏறத்தாழ கி.மு. 1750. 'கண்ணுக்குக் கண்' அதில் உண்டு என்பதை எல்லாரும் சொல்வார்கள். நான் மாட்டைக் காட்ட விரும்புகிறேன்.

எஷ்னுன்னா என்ற ஊரின் சட்டம் ஹம்முராபியின் சட்டத்துக்குச் சற்று முந்தியது. அதன் பலகைகள் பாக்தாத் அருகே 1940களில் கிடைத்தன. அதன் 53ஆம் விதி: ஒருவன் மாடு இன்னொருவன் மாட்டை முட்டிக் கொன்றால், உயிரோடிருக்கும் மாட்டின் விலையையும் செத்த மாட்டையும் இருவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். மோசேயின் சட்டம் உள்ள யாத்திராகமம் 21:35 என்ன சொல்கிறது? உயிரோடிருக்கிற மாட்டை விற்று, அந்தப் பணத்தையும் செத்ததையும் பாதிப்பாதியாகப் பங்கிடு. அதே வழக்கு, அதே தீர்ப்பு.

மாடு மனிதனைக் கொன்றால்? தெருவில் போகும் மாடு திடீரென்று முட்டினால் வழக்கே இல்லை என்கிறது ஹம்முராபி சட்டம். முட்டுகிற மாடு என்று முன்பே எச்சரித்தும் உடையவன் அதைக் கட்டிவைக்காமல் விட்டிருந்தால் அரை மினா வெள்ளி, அதாவது 30 சேக்கல் அபராதம் (இரண்டும் அக்கால எடை அளவுகள்). செத்தது அடிமை என்றால் 20 சேக்கல். யாத்திராகமத்திலும் இதே படிகள்: திடீரென்று முட்டியது, எச்சரித்தும் விட்டது, அடிமையை முட்டியது. ஆனால் தண்டனை வேறு. மாட்டையே கல்லெறிந்து கொல்ல வேண்டும், அதன் இறைச்சியைத் தின்னக் கூடாது. எச்சரித்தும் விட்டவனுக்கு மரண தண்டனை, மீட்புப் பணம் கேட்கப்பட்டால் மட்டும் தப்பலாம். மனித உயிர் போனதை வெறும் நஷ்டக் கணக்காக இந்தச் சட்டம் பார்க்கவில்லை.

உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும்: அடிமைக்கு யாத்திராகமமும் விலைதான் வைக்கிறது, 30 சேக்கல். அடிமை முறையை அது ஒழிக்கவில்லை. ஆனால் அடுத்தவன் அடிமையின் கண்ணைக் கெடுத்தால் எஜமானுக்கு நஷ்டஈடு என்பது ஹம்முராபி. தன் அடிமையின் கண்ணைக் கெடுத்த எஜமான் அவனை விடுதலையாக்கி அனுப்ப வேண்டும் என்பது யாத்திராகமம் 21:26. என் வகுப்பில் பிள்ளைகளை அதிக நேரம் பேச வைப்பது இந்த ஒரு வசனம்தான்.

பத்துக் கட்டளைகள் எகிப்தின் இறந்தோர் நூலில் இருப்பதாக ஒரு காணொலியில் பார்த்தேன்.

அந்த நூலின் 125ஆம் பகுதியில் செத்தவன் நியாயாசனத்தின் முன் நின்று, நான் கொலை செய்யவில்லை, திருடவில்லை என்று நீண்ட பட்டியல் ஒப்பிக்கிறான். கொலையும் திருட்டும் தவறு என்று சொல்லாத சமுதாயம் எது? வேறு தெய்வம் கூடாது, ஓய்வுநாள் ஆசரி என்ற கட்டளைகளுக்கு அங்கே இணை கிடையாது.

பேரரசுகளின் சாயல் எங்கே தெரிகிறது?

பைபிளின் ஐந்தாம் நூலான உபாகமத்தின் 28ஆம் அதிகாரத்தில். கி.மு. 672இல் அசீரிய மன்னன் எசரத்தோன், தனக்குப் பின் மகன் அசுர்பனிபாலுக்கு விசுவாசமாக இருக்க வேண்டும் என்று தனக்கு அடங்கிய சிற்றரசர்களிடம் சத்தியம் வாங்கினான். அந்த உடன்படிக்கைப் பலகைகள் 1955இல் நிம்ருதிலும், 2009இல் துருக்கியின் தெல் தாயினாத்திலும் கிடைத்தன. யூதாவின் மனாசேயும் எசரத்தோனுக்குக் கப்பம் கட்டிய அரசர்களில் ஒருவன் என்பதால், எருசலேமுக்கும் ஒரு பிரதி வந்திருக்கலாம்.

மீறினால் வரும் சாபங்களில் ஒன்று: உங்கள் நிலம் இரும்பாகட்டும், வெண்கல வானத்திலிருந்து மழை பெய்யாதது போல உங்கள் வயலிலும் பெய்யாதிருக்கட்டும். உபாகமம் 28:23: தலைக்கு மேலே வானம் வெண்கலம், காலுக்குக் கீழே பூமி இரும்பு. அடுத்தடுத்து வரும் தோல் நோய், குருட்டுத்தன்மை, மனைவியையும் வீட்டையும் பிறர் பறிப்பது ஆகியவையும் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே தொகுப்பாக வருகின்றன. அசுர்பனிபாலை உங்களைப் போலவே நேசியுங்கள் என்று கேட்கிறது அந்தச் சத்தியம். உன் தேவனாகிய கர்த்தரை முழு இருதயத்தோடு நேசி என்கிறது உபாகமம். இன்றைய துருக்கிப் பகுதியை ஆண்ட ஹித்தைத்து அரசர்களின் இன்னும் பழைய உடன்படிக்கைகளைத்தான் முன்மாதிரியாகப் பார்க்க வேண்டும் என்போரும் உண்டு. ஆனால் 28ஆம் அதிகாரத்தைப் பொறுத்தவரை எனக்கு அசீரியாதான் தெரிகிறது. பேரரசன் தனக்குக் கேட்ட விசுவாசத்தை ஒரு சின்ன நாடு அவனிடமிருந்து பிடுங்கிக் கடவுளுக்குக் கொடுக்கிறது. பைபிள் பிறரிடம் எடுத்ததில் இவ்வளவு துணிச்சலான இடம் வேறில்லை.

நீதிமொழிகள் எகிப்தியரிடமிருந்து வந்தவையா?

ஒரு பகுதி. அமெனெமோபே என்ற எகிப்தியரின் அறிவுரை நூல் 1923இல் முழுதாக வெளியானது. அடுத்த ஆண்டே அடோல்ஃப் எர்மன் அதை நீதிமொழிகள் 22:17க்குப் பின் வருவதோடு ஒப்பிட்டுக் காட்டினார். ஏழையைக் கொள்ளையிடாதே, கோபக்காரனோடு சேராதே, எல்லைக்கல்லைத் தள்ளி வைக்காதே என எல்லாம் இரண்டிலும் உண்டு. செல்வம் இறக்கை கட்டிப் பறந்துவிடும் என்கிறார் அமெனெமோபே, வாத்துகளைப் போல. நைல் நதிக்கரையின் வாத்து எபிரேயத்தில் கழுகாகிவிட்டது.

இதில் அதிர்ச்சி அடைய ஒன்றுமில்லை. நீதிமொழிகளே 30ஆம் அதிகாரத்தை ஆகூர் என்பவருக்கும், 31ஐ லேமுவேல் என்ற ராஜாவின் தாய்க்கும் உரியது என்று பெயர் சொல்லித்தான் சேர்த்திருக்கிறது.

கானானியரை வெறுத்தவர்கள் அவர்களிடமிருந்து எப்படி எடுப்பார்கள்?

வெறுத்தார்கள், கூடவே வாழ்ந்தார்கள், நெருங்கிய உறவுள்ள மொழி பேசினார்கள். சிரியக் கரையில் உள்ள உகரித்தில் 1929இல் தொடங்கிய அகழாய்வு கானானியர் வணங்கிய பாகால் என்ற தெய்வத்தைப் பற்றிய பாடல்களையே கையில் கொடுத்தது. அதுவரை பாகாலை அவனுடைய எதிரிகள் சொல்லித்தான் தெரியும். அந்தப் பாடல்களில் பாகால் மேகங்களின்மேல் ஏறிவருபவன். கர்த்தர் மேகத்தில் ஏறிவருவதாகச் சங்கீதங்களும் ஏசாயாவும் பாடுகின்றன. பாகால் கொன்ற லோத்தான், விரைந்தோடும் பாம்பு, நெளியும் பாம்பு, ஏழு தலை உள்ளது. ஏசாயா 27:1இல் லிவியாதான் என்ற கடல் மிருகம் அதே இரண்டு அடைமொழிகளோடு வருகிறது. சங்கீதம் 74இல் அதன் 'தலைகள்' உடைக்கப்படுகின்றன. உகரித் நகரம் அழிந்து பல நூற்றாண்டுகள் கழித்தும் அந்த வரி பாட்டுக்காரர்கள் வாயில் உயிரோடு இருந்திருக்கிறது.

மோசேயை நாணல் பெட்டியில் விட்டது சர்கோன் கதைதானே?

அக்காத்தின் மன்னன் சர்கோனை அவன் தாய் நாணல் கூடையில் வைத்து, கீல் பூசி ஆற்றில் விட்டாள், தண்ணீர் இறைப்பவன் ஒருவன் எடுத்து வளர்த்தான் என்று ஒரு கதை உண்டு. நம் வாசகர்களுக்குக் கர்ணனும் நினைவுக்கு வருவான். சர்கோன் வாழ்ந்தது கி.மு. 2300 வாக்கில் என்றாலும், அந்தக் கதையின் பிரதிகள் அசீரியக் காலத்தவை. எது எதைத் தொட்டது என்பதை முடிவு செய்வது கடினம். சர்கோனையும் கர்ணனையும் எளியவர்கள் எடுத்து வளர்க்கிறார்கள். மோசேயோ தன் இனத்தை ஒடுக்கும் அரண்மனையிலேயே வளர்கிறான்.

சாத்தான், உயிர்த்தெழுதல் எல்லாம் பாரசீகரிடம் கற்றதா?

பாதி ஒப்புக்கொள்வேன். தாவீது ஜனங்களைக் கணக்கெடுத்த கதை பைபிளில் இரண்டு முறை வருகிறது. 2 சாமுவேல் 24இல் அவனைத் தூண்டுவது கர்த்தரின் கோபம். பிற்காலத்தில், பாரசீக ஆட்சிக் காலத்தில் எழுதப்பட்ட 1 நாளாகமம் 21இல் தூண்டுவது சாத்தான். நடுவில் என்னவோ மாறியிருக்கிறது. பாரசீக மன்னன் கோரேசை 'அபிஷேகம் பண்ணப்பட்டவன்' என்றே அழைக்கும் ஏசாயா 45, பாரசீகர்மேல் இருந்த மதிப்பையும் காட்டுகிறது. ஆனால் பாரசீகரின் ஜரதுஷ்டிர சமயத்தின் விரிவான நூல்கள் பல, இன்று இருக்கும் வடிவில் கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டு வாக்கில் எழுதப்பட்டவை. அதனால் செல்வாக்கு இருந்திருக்கும் என்று சொல்லலாம், வரிக்கு வரி காட்ட முடியாது.

இயேசுவின் கதை ஹோரஸ், மித்ரா, கிருஷ்ணன் கதைகளின் நகலா?

இல்லை. மித்ரா கன்னியிடம் பிறக்கவில்லை, பாறையிலிருந்து பிறந்தான். ரோமில் அந்த வழிபாட்டுக்கான சான்றுகள் கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில்தான் தொடங்குகின்றன. எகிப்தியத் தெய்வம் ஹோரஸின் தாய் இசிஸ் கொலையுண்ட கணவன் ஒசிரிஸின் உடலைச் சேர்த்தெடுத்துக் கருவுற்றவள். ஹோரஸுக்குப் பன்னிரண்டு சீடர்களும் இல்லை, சிலுவையும் இல்லை. கிருஷ்ணன் தேவகியின் எட்டாவது பிள்ளை என்பது நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அவன் வேடனின் அம்பு காலில் பட்டு இறந்தான், சிலுவையில் அல்ல. இந்தப் பட்டியல்களைப் பகிர்பவர்கள் பைபிளை மட்டும் அல்ல, கிருஷ்ணன் கதையையும் ஹோரஸ் கதையையும் சேர்த்தே அவமதிக்கிறார்கள். அந்தந்த மதத்தின் கதையை அதன் சொந்த நூலில் படித்துவிட்டுப் பேசுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

இயேசுவின் கதைக்கு வேர் தேடினால் ஏசாயா, சங்கீதங்கள், தானியேல் என்று யூத நூல்களில்தான் தேட வேண்டும்.

இயேசு டிசம்பர் 25இல் பிறந்தார் என்பது?

பைபிளில் தேதியே இல்லை.

புதிய ஏற்பாடு யூதர் அல்லாதவர்களிடமிருந்து எதையுமே எடுக்கவில்லையா?

எடுத்திருக்கிறது, ஒளிக்கவும் இல்லை. ஏதென்ஸில் பவுல் பேசும்போது (அப்போஸ்தலர் 17:28) உங்கள் புலவர் சிலர் சொன்னபடி நாம் அவருடைய சந்ததியார் என்கிறார். அது கிலிக்கியாவைச் சேர்ந்த அராத்தஸ் என்ற கிரேக்கப் புலவரின் வரி. பவுலும் கிலிக்கியாக்காரர்தான். அராத்தஸ் அதைச் சொன்னது சீயுஸ் தெய்வத்தைப் பற்றி! கெட்ட சகவாசம் நல்லொழுக்கத்தைக் கெடுக்கும் என்ற 1 கொரிந்தியர் 15:33, நாடகாசிரியர் மெனாந்தருடையதாகச் சொல்லப்படும் வரி.

இதையெல்லாம் சொல்லிவிட்டு நீங்கள் விசுவாசியாக எப்படி இருக்கிறீர்கள்?

இருக்கிறேன், ஞாயிறு பள்ளியில் பாடமும் எடுக்கிறேன். வேதம் வானத்திலிருந்து எழுதியபடியே விழுந்தது என்று எனக்கு யாரும் சத்தியம் செய்து தரவில்லை. மோசே எகிப்தியரின் சகல சாஸ்திரங்களிலும் கற்பிக்கப்பட்டான் என்று அப்போஸ்தலர் 7:22 சொல்கிறது. அந்தப் படிப்பு அவன் எழுத்தில் தெரியக் கூடாது என்று நாம் ஏன் பிடிவாதம் பிடிக்க வேண்டும்?

'காப்பி' என்ற குற்றச்சாட்டை யார், எதற்காக வைத்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 1902 ஜனவரியில் பெர்லினில், ஜெர்மன் பேரரசரின் முன்னிலையில், அசீரியவியல் அறிஞர் ஃபிரெட்ரிக் டெலிட்ச் பாபிலோனும் பைபிளும் பற்றிப் பேசினார். பலகைகளைப் பற்றி அவர் சொன்னதில் பல உண்மை. ஆனால் பின்னாளில் அவர் யூத வெறுப்பில் விழுந்து, பழைய ஏற்பாட்டையே கிறிஸ்தவர்கள் தூக்கிப் போட வேண்டும் என்று எழுதினார். உண்மையான ஒப்பீட்டையும் வெறுப்புக்கான கருவியாக்க முடியும் என்பதால்தான் இதில் நிதானம் வேண்டும் என்கிறேன்.

நானே ஒப்பிட்டுப் பார்க்க எங்கே தொடங்குவது?

ஆதியாகமம் 6 முதல் 9 வரை படித்துவிட்டு, கில்காமேஷின் பதினொன்றாம் பலகையைப் படியுங்கள். அடுத்து யாத்திராகமம் 21ஐயும் ஹம்முராபியின் 195 முதல் 252 வரையுள்ள விதிகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒத்துப்போகும் இடங்களைக் குறிப்பது எளிது. ஒத்துப்போகாத இடங்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். நீங்கள் படிப்பது எந்தக் காலத்துப் பிரதி, எந்த ஊரில் கிடைத்தது என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அத்ராஹசிஸை மூன்றாவதாகப் படிக்கலாம். அதில் உடைந்துபோன வரிகள் நிறைய, பொறுமை வேண்டும்.